பாதுகாப்பு நெறிமுறைகளும் பொரிச்ச பரோட்டாவும்

விருதுநகரில் மிளகாய் வத்தல் கிட்டங்கிகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு கிட்டங்கியின் மாடியில், ‘பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்பு விழிப்புணர்வுக் காணொலித் தேடலெளிமைத் துணைக் கோட்டம்’ என்ற அலுவலகம் மூன்று ஆண்டுகளாகச் சீரும் சிறப்புமாக நடந்து வந்தது. சீரும் சிறப்பும் என்றால், காலையில் திறந்தார்கள், மாலையில் பூட்டினார்கள். கீழே யாராவது மிளகாய் மூட்டையை அசைத்தால் மேலே ஆய்வுக்கூட்டமே தும்மும். நடவடிக்கைக் குறிப்பில் அது ‘உறுப்பினர்கள் ஒருமனதாக ஆமோதித்தனர்’ என்று பதிவாகும்.

இந்த மூன்று ஆண்டுகளில் கோட்டம் எடுத்த காணொலி ஒன்று. அதைத் தொழிலாளர்கள் தேடுபொறியில் தாங்களாகவே தேடிக் கண்டுபிடித்து, பார்த்து, ஒரு தேர்வு எழுதி, ‘கண்டடைதல் சான்றிதழ்’ பெற வேண்டும். சான்றிதழ் இல்லாத பட்டாசு அலகின் கதவில் கோட்டம் வைத்த சீல் எடுக்கப்பட மாட்டாது. கோட்டத்தின் அதிகாரம் அவ்வளவும் அந்த அரக்குச் சீலில்தான் இருந்தது.

நாரணாபுரத்துப் போர்மேன் வெள்ளைத்துரை அந்த மாடிப்படியில் ஏறியது ஆவணி மூன்றாம் தேதி. அவன் வேலை பார்க்கும் ஆபீஸில் அவனுக்குக் கீழே முப்பத்தாறு பேர், கதவில் கோட்டத்தின் சீல். அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். உள்ளே வேலை நடக்கும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. தீபாவளிக்கு வடக்கே போகிற லோடு புரட்டாசி பாதிக்குள் ஏறியாக வேண்டும். முதலாளி பால்பாண்டி முந்தின நாளே சொல்லிவிட்டார்: “பத்து நாள் பாப்பேன் வெள்ளை. கதவு திறக்கலேன்னா ஆர்டரத் திருப்பிவிட்டுட்டு இந்த வருஷம் மூடிருவேன்.” மூடினால் முப்பத்தாறு வீட்டிலும் தீபாவளி கிடையாது. அந்த முப்பத்தாறில் வெள்ளைத்துரை வீடும் ஒன்று.

“சார், அந்த வீடியோவ மூணு நாளாத் தேடுறோம், கிடைக்க மாட்டேங்குது,” என்றான் வெள்ளைத்துரை.

துணைக் கோட்ட அலுவலர் ராஜபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எப்படித் தேடினீர்கள்?”

“பட்டாசுன்னு போட்டா ஒரு பய பானைக்குள்ள வெடியப் போட்டு ஓடுறான். பாதுகாப்புன்னு போட்டா இன்சூரன்ஸ்காரங்க வாராங்க, அவுகளே திரும்ப போன் போட்டும் பேசுறாங்க. நீங்க லிங்க அனுப்பிட்டா நல்லாருக்கும் சார்.”

ராஜபாண்டியன் திடுக்கிட்டார். லஞ்சம் கொடுக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். “இணைப்பைக் கொடுத்துவிட்டால் அது பெறுதல். விதிப்படி எங்களுக்குத் தேவை கண்டடைதல். நாங்கள் கொடுத்து நீங்கள் கண்டடைந்தால், பிறகு இந்த அலுவலகம் எதற்கு?”

ஓரத்தில் கணினி முன்னால் இருந்த ஒப்பந்தப் பணியாளர் பானுப்பிரியா தொண்டையைச் செருமினாள். “சார், போன வாரம் நானே தேடினேன். எனக்கும் வரல. ஏத்தினதே நான்தான்.”

“இதுவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?”

“பதினாலு சார். அதுல ஒம்பது நானு. மூணு நீங்க. ரெண்டு நம்ம வாட்ச்மேன். தூக்கம் வரலேன்னு சொன்னாரு, போட்டுக் குடுத்தேன். இப்ப நல்லாத் தூங்குறாராம்.”

காணொலியின் தலைப்பு இது: ‘விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டாரப் பட்டாசு உற்பத்தி அலகுகளில் பணிபுரியும் தொழிலாளர்கள் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு நெறிமுறைகள் குறித்த விழிப்புணர்வுக் காணொலி பகுதி ஒன்று திருத்தியது இறுதி இறுதியிலும் இறுதி.’ போன் திரையில் இது ‘விருதுநகர் மாவட்டம் சிவ’ என்பதோடு நின்றுவிடும். பார்ப்பவர்கள் கோயில் வீடியோ என்று நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

உள்ளடக்கத்துக்கும் குறைவில்லை. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். வரவேற்புரை நான்கு நிமிடம், பொன்னாடை மூன்று நிமிடம், குத்துவிளக்கு ஏற்றுதல் இரண்டு நிமிடம், அதில் ஒன்றரை நிமிடம் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. அதன் பிறகு ஒரு நாற்பது நொடி வெள்ளைத்துரையின் ஆபீஸில் வேலை பார்க்கும் குருவம்மாள் வருவாள். வளையல், ஊக்கு, கொலுசு எல்லாம் வாசலிலேயே கழற்றணும், செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புக் கரண்ட இறக்கிட்டுத்தான் உள்ளே போகணும், போனும் தீப்பெட்டியும் கேட்டுக்கு வெளியே என்று சொல்வாள். மீதி எல்லாம் நன்றியுரை.

வெள்ளைத்துரை தலையைச் சொறிந்தான். அவன் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். வேலையில்லாத போர்மேனுக்கு வாயைக் கட்டுவது கஷ்டம்.

“சார், எங்க தொழில்ல ஒண்ணு செய்வோம். ஒரே பூச்சட்டிதான், புஸ்வாணம். ஒரு ஊர்க்காரன் கிளி படம் போட்டா வாங்குவான், இன்னொரு ஊர்க்காரன் புலி கேப்பான். நாங்க உள்ள இருக்குற வெடிமருந்தத் தொடவே மாட்டோம். லேபிள மட்டும் மாத்திருவோம். உள்ள கிளி எங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல.”

ராஜபாண்டியன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மூன்று ஆண்டுகளாக அந்த நாற்காலி அவரை அப்படிப் பார்த்ததில்லை. “ஆக, பொருள் அப்படியே இருக்க, முகப்பை மட்டும் மக்களின் நாட்டத்துக்கு இசைவாக்குதல்! பானுப்பிரியா, நம் மாவட்ட மக்கள் எதை அதிகமாகத் தேடுகிறார்கள்?”

பானுப்பிரியா தட்டிப் பார்த்தாள். “பொரிச்ச பரோட்டா சார். ரெண்டாவது, வத்தல் இன்னைக்கு என்ன விலை. மூணாவது, பரோட்டா சாப்பிட்டா வயிறு ஏன் வலிக்குது.”

தலைப்பை மாற்ற ஏழு மேசைகளின் ஒப்புதல் வேண்டும். கோப்பு மேலே போய் மூன்றே நாளில் இறங்கி வந்துவிட்டது. ஏழு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதால்தான் இந்த வேகம் சாத்தியமாயிற்று. ஆறாம் நாள் காலையில் காணொலி ‘விருதுநகர் பொரிச்ச பரோட்டா ரகசியம் உடைந்தது!’ என்ற பெயரில் வெளியானது. உள்ளே அதே வரவேற்புரை, அதே பொன்னாடை, அதே குருவம்மாள்.

மறுநாளைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சராசரியாக ஆளுக்கு நான்கு நொடி பார்த்தார்கள். ஆனாலும் நாற்பதாயிரம் பேர். பொன்னாடை போர்த்தியவர் வீட்டிலிருந்தே போன் வந்தது. கீழே கருத்துப் பகுதியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் ‘பரோட்டா எங்கடா?’ என்று எழுதியிருந்தார்கள். பொதுமக்களின் எழுத்துபூர்வக் கோரிக்கை எதுவானாலும் அது மனு என்பது விதி. ஒவ்வொருவருக்கும் பானுப்பிரியா, ‘ஐயா, பரோட்டா தொடர்பான தங்கள் மனு உரிய அலுவலரின் பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் அனுப்பினாள். விரல் வீங்கிவிட்டது.

வெள்ளைத்துரை ஓடி வந்தான். “சார், இப்ப எங்க ஆளுக எல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்க. சான்றிதழக் குடுத்திருங்க. இன்னும் மூணு நாள்தான் இருக்கு.”

“கொடுத்திருப்பேன்,” என்றார் ராஜபாண்டியன். “தணிக்கையில் ஆட்சேபணை வந்திருக்கிறது. தலைப்பில் பரோட்டா இருக்கிறது, உள்ளே இல்லை. முகப்பும் பொருளும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.”

“அப்ப தலைப்பப் பழையபடி மாத்திருங்க.”

“நாற்பதாயிரம் பேரை மறுபடி பதினான்கு ஆக்கச் சொல்கிறீர்களா? அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக் குழு கூடுகிறது. அப்புறம் என் நிலைமை என்ன?” சிறிது யோசித்தார். “முகப்பை மாற்ற முடியாது. ஆகவே பொருளை மாற்ற வேண்டும். சட்டத்தில் இதற்குத் தடை இல்லை.”

கிளி லேபிள் ஒட்டிய பூச்சட்டியில் நிஜக் கிளியைப் பிடித்து அடைக்கிற ஆளை வெள்ளைத்துரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான். “சார், நான் அதச் சொல்லல…” என்று ஆரம்பித்தான்.

“தாங்கள்தான் சொன்னீர்கள். கோப்பில் ‘களத் தொழில்நுட்ப ஆலோசகர் திரு. வெள்ளைத்துரை’ என்று இருக்கிறது.”

தன் பெயருக்கு முன்னால் திரு இருப்பதை வெள்ளைத்துரை அன்றுவரை கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே பார்த்திருந்தான்.

பரோட்டா மாஸ்டர் ஒருவரை அழைத்து வந்து மாடியிலேயே படம் பிடித்தார்கள். காணொலிக்குள் எதை எடுத்துவிட்டு இதைச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. பானுப்பிரியா கணினியில் ஒரு கோட்டைக் காட்டினாள். “நாலு நொடியில ஓடாம நின்ன ஆளுக எந்த இடத்துல கொத்தாக் கழண்டு போறாங்கன்னு இது காட்டும் சார். குருவம்மா பேசுற இடத்துலதான் பெரிய பள்ளம்.”

“பள்ளம் இருந்தால் மூடுவது அரசின் கடமை,” என்றார் ராஜபாண்டியன். நாற்பது நொடியும் வெட்டப்பட்டது. பொன்னாடை அப்படியே இருந்தது. அதில் மேலதிகாரிகள் இருந்தார்கள்.

புதிய காணொலி தேடலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் முப்பத்தாறு பேரையும் லோடு வண்டியில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டு வந்தான் வெள்ளைத்துரை. கிட்டங்கி வாசலில் தேர்வு. தேர்வுக் கேள்விகளை மாற்ற முடியாது, அவை பழைய அரசாணையில் உள்ளவை. விடைகளைக் காணொலியிலிருந்துதான் எழுத வேண்டும், அதுவும் அரசாணையில் உள்ளதுதான்.

முதல் கேள்வி: ‘பணியைத் தொடங்குமுன் முதலில் செய்ய வேண்டியது என்ன?’

காணொலியின்படி சரியான விடை: ‘அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.’

முப்பத்தைந்து பேர் எழுதிவிட்டார்கள். சிரித்துக்கொண்டு எழுதினார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்கள், எப்படியோ எழுதினார்கள். குருவம்மாள் மட்டும் ‘செம்புத் தகட்டைத் தொடணும்’ என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினாள். ஒருவர் தோற்றாலும் அலகுக்குச் சான்றிதழ் இல்லை.

“யக்கா, மாத்தி எழுதிரு. நாளைக்குத்தான் கடைசி நாளு,” என்றான் வெள்ளைத்துரை.

குருவம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. வெள்ளைத்துரை வேலை கற்றுக்கொள்ளும் முன்பிருந்தே அங்கே திரி வைக்கிறவள். “ஏலே வெள்ளை, பட்டாசு ஆபீஸ்ல போயி மொதல்ல அடுப்பப் பத்த வைப்பேன்னு என் கையால எழுதச் சொல்றியாலே? மருந்து பத்தி வெந்த எங்க அக்கா முதுகு இப்ப எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமாலே? முப்பது வருஷமாக் குப்புறத்தான் படுக்குறா.”

“தெரியும்க்கா. வெறும் பேப்பர்தானக்கா.”

“பேப்பர்னா அதுல நெசத்த எழுதினா என்ன?”

அவள் எழுந்து போய் லோடு வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற முப்பத்தைந்து பேரும் வெள்ளைத்துரையைப் பார்த்தார்கள். அதில் அவன் பெண்டாட்டி செல்வலட்சுமியும் இருந்தாள். வெள்ளைத்துரை ஒரு புதுத் தாளை வாங்கினான். சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையால், கோணல்மாணலாக, குருவம்மாள் என்று பெயர் எழுதினான். கீழே, விடையில், அடுப்பைப் பற்ற வைத்தான். நூற்றுக்கு நூறு வந்தது. அவனுக்கு அழுகையாக இருந்தது, ஆனால் சான்றிதழைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

மறுநாள் காலை சீலை உடைக்க ராஜபாண்டியனே நாரணாபுரத்துக்கு வந்தார். தனியாக வரவில்லை. பானுப்பிரியா கேமராவோடு இறங்கினாள். பின்னால் பரோட்டா மாஸ்டரும், அவருக்குப் பின்னால் ஒரு கேஸ் அடுப்பும், ஒரு பெரிய பரோட்டாக் கல்லும் இறங்கின.

“பகுதி இரண்டு,” என்றார் ராஜபாண்டியன். “‘பட்டாசு ஆபீஸில் பொரிச்ச பரோட்டா.’ இதைவிட அதிகமாகத் தேடப்படும் பொருள் உலகத்தில் இருக்க முடியாது.”

அடுப்பைக் கேட்டுக்கு உள்ளே, மருந்து ரூமுக்கு முப்பது அடி தள்ளி, வேப்பமரத்தடியில் வைத்தார்கள். பரோட்டா மாஸ்டர் கேட்டில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் படித்தார். படித்துவிட்டு, “ஐயா, நான் பொழைக்க வந்தவன்,” என்று சொல்லி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். ராஜபாண்டியன் தீப்பெட்டியைத் தானே எடுத்தார்.

குருவம்மாள் குறுக்கே போய் நின்றாள். “உள்ள அம்புட்டும் மருந்து. குச்சிய உரசாதீக.”

“எந்த விதியில் இருக்கிறது, அம்மா? எங்கள் காணொலியில் அப்படி எதுவும் இல்லையே.” பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். “நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். பணியைத் தொடங்குமுன் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். குருவம்மாள். நூறு மதிப்பெண்.”

குருவம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வெள்ளைத்துரையைப் பார்த்தாள்.

வெள்ளைத்துரை கணக்குப் போட்டான். நான்தான் எழுதினேன் என்றால் மோசடி. சான்றிதழ் ரத்து, கதவில் மறுபடி சீல், முதலாளி ஆர்டரைத் திருப்பிவிடுவார். சொல்லாவிட்டால் குச்சி உரசப்படும். முப்பத்தாறு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு குச்சி வெளியே வந்துவிட்டது.

“நான்தான் சார் எழுதினேன்! அது அவுக கையெழுத்து இல்ல, என் கையெழுத்து!” என்று கத்தினான் வெள்ளைத்துரை.

“அதைப் பிறகு விசாரிப்போம்,” என்று சொல்லிக்கொண்டே ராஜபாண்டியன் குச்சியை உரசினார்.

குருவம்மாள் தீயணைக்கக் கேட்டோரம் வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கி வெள்ளைத்துரை கையில் கொடுத்தாள். அவன் யோசிக்கவே இல்லை. ஒரு வாளி மணலும் அடுப்பு மேலும், குச்சி மேலும், துணைக் கோட்ட அலுவலர் மேலும் பாரபட்சமில்லாமல் விழுந்தது.

ராஜபாண்டியன் மணலோடு அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். அது இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. வெள்ளைத்துரை வாளியைக் கீழே வைத்துவிட்டு, போலீஸ் எந்தப் பக்கமாக வரும் என்று பார்த்தான்.

“பானுப்பிரியா,” என்றார் ராஜபாண்டியன், வாயில் இருந்த மணலைத் துப்பிவிட்டு. “பதிவாயிற்றா?”

“ஆச்சு சார்.”

“தலைப்பில் ‘அதிகாரி’, ‘மணல்’, ‘அதிர்ச்சி’ மூன்றும் வர வேண்டும்.”

சாயங்காலத்துக்குள் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நான்கு நொடி இல்லை, முழுசாகப் பார்த்தார்கள், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தீயைக் கண்டால் மணலைக் கொட்ட வேண்டும் என்பதைக் கோட்டத்தின் காணொலி ஒன்று முதல்முறையாகச் சொல்லிவிட்டது. அது கோட்டத்தின் கவனத்துக்கு வரவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. முதலிடத்தில் இருக்கும் காணொலியில் வரும் அலகை மூடினால் அடுத்த பகுதியை எங்கே எடுப்பது என்ற காரணத்தால், மோசடி விசாரணை ‘உரிய காலத்தில்’ நடத்தத் தள்ளிவைக்கப்பட்டது. ஆபீஸ் தப்பித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தது. கண்ணாடித் தாள், குழாய், திரி எல்லாம் தயார். லோடு வண்டி வந்து நின்றது. பால்பாண்டி முதலாளி வந்து பார்த்தபோது முப்பத்தாறு பேரும் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் போனும் கையுமாக நின்றிருந்தார்கள். உள்ளே போக வேண்டுமானால் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

“இந்தா தெரியுறேன் பாரு, இடது ஓரமா, முந்தானை மட்டும்,” என்றாள் செல்வலட்சுமி.

“ஏலே வெள்ளை,” என்று ஆரம்பித்தாள் குருவம்மாள். முந்தின நாளிலிருந்து மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தாள். “என் பேருல நீ எழுதினியே…”

“இருக்கா, இருக்கா,” என்றான் வெள்ளைத்துரை, தலையைத் தூக்காமல். “வெள்ளைத்துரைன்னு போட்டா இப்ப ரெண்டாவதா வருது. எல்லாரும் ஆளுக்குப் பத்துத் தடவ தேடினா மதியத்துக்குள்ள மொதல்ல வந்துரும். உன் போன்லயும் கொஞ்சம் போட்டு விடுக்கா.”

குருவம்மாள் அவனை ஒரு நிமிடம் முறைத்தாள். அப்புறம் கிட்டே வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“வாளிய எடுத்துக் குடுத்தது நானுல்ல,” என்றாள். “அது அதுல தெரியுதாலே?”

அன்று மாலை துணைக் கோட்டம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இவ்வாறு கண்டிருந்தது: ‘எந்த அறையிலும் நால்வருக்கு மேல் பணிபுரியலாகாது என்ற விதி, மேற்படி அலகில் இன்று முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. எந்த அறையிலும் எவரும் இல்லை.’